பாண்டான் இலை இங்கே கிடைக்காது

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாற்பதுகூட என்னால் சொல்ல முடியும். எனக்குப் பிடிக்காததே அதுதான். குறை சொல்ல ஏதாவது ஒன்று இருந்திருந்தால் என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

கொழுந்தனார் பினாங்கில் வேலை பார்த்தபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். சில வருஷம் கழித்து, அண்ணனோடு சேர்ந்து கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். எங்கள் பண்ணை ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் வீடு, பின்னால் கோழி ஷெட்டுகள். முட்டைக் கோழிகள்தான் எல்லாம். காற்று திரும்பினால் வீட்டுக்குள் சோற்றுத் தட்டு வரைக்கும் அந்த வாடை வரும். வெளிநாட்டுப் பெண், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மாசத்தில் ஓடிவிடுவாள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட எதிர்பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி.

அவள் ஓடவில்லை. வந்த மூன்றாம் நாளே ஷெட்டுக்குள் போய் முட்டை பொறுக்கினாள். நாங்கள் எல்லோரும் 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்டு அவளும் ஆரம்பித்தாள். எங்கே போட வேண்டும், எங்கே கூடாது என்று தெரியாமல் கோழிக்கும் போட்டாள். "இந்தக் கோழிங்க ஏன் கோவமா பாக்கறாங்க அக்கா?" என்று அவள் என்னிடம் கேட்டதை என் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தைக்கு நான் "ஏம்புள்ள". அவள் வந்த ஒரே வாரத்தில் "அம்மிணி" ஆகிவிட்டாள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். கேக்கில்தான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வீட்டில் கேக் என்றால் நான்தான். என் மகளின் முதல் பிறந்தநாளுக்குக் குக்கரில் உப்பைக் கொட்டி, அதன்மேல் பாத்திரத்தை வைத்துச் செய்தேன். அடி கருகி, நடு வேகாமல் வந்தது. அப்புறம் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வீட்டுக்காரரை நச்சரித்துச் சின்ன ஓவன் ஒன்றும் வாங்க வைத்தேன். மகள் பிறந்தது புரட்டாசியில். அந்த மாசம் முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது, முட்டை கிடையாது. பின்னால் ஆயிரக்கணக்கில் கோழிகள் முட்டை போட்டுக்கொண்டிருக்க, முன்னால் அடுப்படியில் ஒரு முட்டையைக் கொண்டுவந்து வைத்தாலே அத்தை வீட்டைக் கழுவிவிடச் சொல்வார். அதனால் தயிரில் சோடா போட்டு நுரைக்க விட்டு, முட்டையே இல்லாமல் பஞ்சு மாதிரி கேக் செய்யப் பழகினேன். முட்டைப் பண்ணைக்காரி முட்டை இல்லாத கேக் செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்துகொண்டே இரண்டாவது துண்டு கேட்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அவள் ஒரு கேக் செய்தாள். பச்சை நிறம், வெட்டினால் உள்ளேயும் பச்சை. முட்டை வெள்ளைக்கருவை மட்டும் தனியே அடித்து, மேகம் மாதிரி ஆக்கி, தேங்காய்ப்பால் விட்டுச் செய்தது. பாண்டான் கேக் என்றாள். அவர்கள் ஊரில் அந்த இலையைச் சோற்றில் போடுவார்களாம், பாயசத்தில் போடுவார்களாம், கட்டாகக் கட்டி அலமாரியில்கூட வைப்பார்களாம். இங்கே இலை இல்லாததால், கொண்டுவந்திருந்த குட்டி பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டிருந்தாள். அத்தை மூன்று துண்டு சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் நான்கு சாப்பிட்டார். என் மகள் விரலைச் சப்பிக்கொண்டே சொன்னாள்: "சித்தி, என்ற பொறந்தநாளுக்கு இதே பண்ணித் தாங்க."

எனக்கு உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. பிறந்தநாள் புரட்டாசியில். அந்தக் கேக்குக்கு எட்டு முட்டை வேண்டும். எப்படிச் செய்வாள் என்று பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

அன்றைக்கே அந்த நிம்மதி போய்விட்டது. அவள் தயங்கித்தான் கேட்டாள்: "முட்டை போடணுமே அத்தை, அந்த மாசம் கூடாதுன்னு சொன்னாங்களே?"

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டே, "அட, கொழந்தைக்கு ஒரு நா முட்டை போட்டா சாமி கண்ணைக் குத்திருமாக்கும்? நீ பண்ணு அம்மிணி" என்றார்.

ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாகத் தயிரைப் புளிக்க வைத்து, சோடாவைக் கையால் அளந்து, கேக் எழும்ப வேண்டுமே என்று ஓவன் முன்னாலேயே குந்தியிருந்தவள் நான். எனக்கு ஒரு முறைகூடச் சாமி கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது இரண்டு டம்ளர் நசுங்கின. நானேதான் நசுக்கினேன்.

அப்போதுதான் முடிவு செய்தேன். அதே பச்சைக் கேக்கை நான் செய்வேன், முட்டையே இல்லாமல் செய்வேன். அத்தையும் விரதம் கெடாமல் சாப்பிடட்டும். என் மகள் என் கையால் செய்ததைத்தான் வெட்ட வேண்டும். சித்தி என்று அவள் வாயிலிருந்து அன்றைக்கு ஒரு வார்த்தை வரக் கூடாது.

ஓரகத்தி இல்லாத நேரம் பார்த்து அந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். பால் காய்ச்சுகிற வாசமும் புது அரிசி வேகிற வாசமும் கலந்த மாதிரி இருந்தது. அதே வாசத்தைத் தேடிச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். பல் வலி, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். கேக் சாமான் விற்கிற கடையில் பச்சையாக எத்தனையோ பாட்டில் வைத்திருந்தார்கள். பிஸ்தாவா, கிவியா, பச்சை ஆப்பிளா என்று கேட்டார் கடைக்காரர். பாண்டான் என்றேன். "அது கம்பெனிப் பேருங்களா?" என்றார். செவ்வாய்பேட்டையில் மளிகைச் சாமான் மொத்தமாக விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். தெரியாது என்று சொல்ல மனசில்லாத ஒருவர் பிரிஞ்சி இலையை எடுத்து நீட்டினார். ஆன்லைனில் ஒரு பாட்டில் வரவழைத்தேன். திறந்தால் நகப்பூச்சு வாசம். ஒரு சொட்டு விட்டுச் செய்துபார்த்த கேக்கை வீட்டு நாய் முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுபடியும் பல் வலி வந்தது. இந்த முறை வாழப்பாடி ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனேன். போனில் இருந்த இலைப் படத்தைக் காட்டினேன். நர்சரிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது சோத்துல போடற எலைங்களே. சாதா அரிசி பாசுமதியாட்டம் மணக்கும்னு சொல்லி அப்பப்ப ஆராச்சும் வாங்கிட்டுப் போவாங்க" என்றார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கறுப்புப் பைகளில் நாலைந்து செடி இருந்தன. நீள நீளமாக, வாள் மாதிரி இலை. கிள்ளி மோந்தேன். புல் வாசம்தான் வந்தது. ஏமாற்றுகிறார் என்று நினைத்து நடையைக் கட்டப் பார்த்தேன்.

"பச்சையா மோந்தா ஒண்ணும் தெரியாதுங்க. சூடு பட்டாத்தான் வாசம் வரும்" என்றார் அவர். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு இலையைக் கிழித்துப் பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரில் போட்டுக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் டம்ளரிலிருந்து அந்த வாசம் மெல்ல எழுந்தது. அதே வாசம். இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாத வாசம். இதற்கா இத்தனை ஆட்டம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு செடியை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தீவன அறைக்குப் பின்னால், ஷெட்டை ஒட்டி ஒரு மூலை இருக்கிறது. எரு அள்ளும் ஆட்களைத் தவிர அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அங்கே குழி எடுத்து வைத்தேன். தினம் காலையில் முட்டை பொறுக்கப் போகிற சாக்கில் தண்ணீர் விட்டேன். அது மெதுவாகத்தான் வளர்ந்தது. புரட்டாசிக்கு ஒரு மாசம்தான் இருந்தது, எனக்கோ அவசரம்.

எங்கள் பண்ணையில் எரு வாங்க டிராக்டரோடு வருகிறவர்களிடம் நாங்கள் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு. கோழி எரு கடுஞ்சூடு, மக்க வைத்து ஆறப்போட்டுத்தான் செடிக்குப் போட வேண்டும், அப்படியே போட்டால் வேர் வெந்துவிடும். வீட்டுக்காரர் இல்லாதபோது நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதே நான், கூண்டுக்கு அடியிலிருந்து அன்றைக்கு விழுந்ததை இரண்டு கூடை அள்ளி, செடியைச் சுற்றி மேடு கட்டிவிட்டு வந்தேன். நான்காம் நாள் போய்ப் பார்த்தால் இலைகளின் நுனி வெந்து, பாதிச் செடி மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து எருவைக் கையால் தோண்டி எடுத்தேன். எடுத்துக்கொண்டே அவளைத் திட்டினேன். எரு போட்டது நான், அதற்கும் திட்டு வாங்கினது அவள்.

பச்சையாக மிஞ்சியது ஏழு இலை. கணக்குப் பார்த்தேன். ஒரு கேக்குக்கு ஏழும் வேண்டும்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் அடுப்படிக்கு வந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு கட்டைப் பிரித்தாள்.

"அக்கா, பாட்டில் காலியாயிடுச்சு. எங்க அண்ணன் ஆள் மூலமா இன்னொண்ணு கொடுத்தனுப்பறேன்னாரு, அந்த ஆள் வரலை. இங்க எங்கயாச்சும் அந்த எலை கிடைக்குங்களா? நீங்க சேலம் எல்லாம் போறீங்கல்ல?"

நான் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்தக் காஞ்ச சீமையில அதெல்லாம் எங்க கண்ணு கிடைக்கும்? இங்க கிடைக்காது" என்றேன். என் வாயிலிருந்து 'கண்ணு' வந்ததைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

அவள் ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். "எங்கம்மா வீட்டுப் பின்னால காவா ஓரத்துல சும்மா வளந்து கிடக்கும்க்கா. அம்மா இருந்தப்ப தினம் ஒரு எலை முடிச்சுப் போட்டுச் சோத்துல வைப்பாங்க. ஒரு செடி இருந்தாக்கூடப் போதும்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி, அப்ப நீங்களே பண்ணுங்க. உங்க தயிர் கேக்கு எனக்கும் பிடிக்கும்" என்றாள்.

அந்த இடத்தில் நான் ஜெயித்துவிட்டேன். பழைய தயிர் கேக்கைச் செய்து, வெட்டி, பங்கு வைத்திருக்கலாம். அவள் அம்மா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்பதும் எனக்குத் தெரியும். எழுந்து போய் ஓர் இலை பறித்துவந்து கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் பச்சைக் கேக் இல்லை என்று கேட்டதும் என் மகளின் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது மறுபடியும் எழுந்துகொண்டது. ஜெயித்தது போதாது, பச்சையிலேயே ஜெயிக்க வேண்டும்.

பிறந்தநாள் புதன்கிழமை வந்தது. அத்தையும் அவளும் பெருமாள் கோயிலுக்குப் போனதும் ஏழு இலைகளையும் அறுத்துவந்தேன். கத்தரியால் பொடியாக நறுக்கி, கெட்டித் தேங்காய்ப்பாலோடு மிக்ஸியில் அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினேன். பாட்டில் பச்சை மாதிரி பளீரென்று வரவில்லை. பாசிப்பயறு ஊறின தண்ணீர் மாதிரி மங்கலான பச்சைதான் வந்தது. நிறப்பொடி கலக்கலாமா என்று யோசித்தேன், கலக்கவில்லை. தயிர் நன்றாக நுரைத்தது. கேக் ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி, விரிசல் இல்லாமல் நின்றது. அந்த மாதிரி ஒரு கேக்கை அதற்கு முன்னும் நான் செய்ததில்லை, அதற்குப் பின்னும் இல்லை.

கோயிலிலிருந்து இருவரும் திரும்பும்போது வீடு முழுக்க வாசம் நிறைந்திருந்தது. அத்தை, "ஊடே மணக்குது" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னொன்றைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அப்படியே ஒரு நிமிஷம் நின்றாள். நான் அடுப்படிக்குள் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் கேக் வெட்டினோம். என் மகள் பச்சையைப் பார்த்ததும் குதித்தாள். விரதம் கெடாத கேக் என்று சொன்னதும் அத்தை நம்பாமல் ஒரு துண்டு வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். அவர் அப்படி மென்று சாப்பிடுவதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஓரகத்தி தன் துண்டை எடுத்து, சாப்பிடாமல், முதலில் பிட்டு மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டிலுக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாதா அவளுக்கு? பிறந்ததிலிருந்து மோந்த வாசம்.

அப்போது அத்தை கேட்டார்: "ஏம்புள்ள, அந்த மருந்து பாட்டில்தான் தீந்து போச்சுன்னாளே. உனக்கு இது எங்க கிடைச்சுது?"

என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் என்னைப் பார்த்தார்கள். நர்சரியில் வாங்கினேன் என்றால் எப்போது என்று கேட்பார்கள். எப்போது என்று சொன்னால், அவள் கேட்டபோது கிடைக்காது என்று சொன்னேனே, அது அவள் வாயிலிருந்து வரும். வரட்டும் என்று நின்றேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தச் சபையிலேயே கேட்டிருப்பேன்.

"நான்தாங்க அத்தை கொடுத்தேன்" என்றாள் அவள். "பெட்டி அடியில இன்னொரு பாட்டில் இருந்துச்சு. அக்காகிட்டக் கொடுத்துப் பண்ணச் சொன்னேன்."

"அதானே பாத்தேன்" என்றார் அத்தை. "அம்மிணி ஊரு வாசம் இல்லீன்னா வருமா? இன்னொரு துண்டு போடு."

என் மகள் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ் சித்தி" என்றாள். கையில் இருந்த கேக் அவள் புடவையில் அப்பியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

நர்சரி, பஸ், பல் வலி, வெந்த வேர், ஏழு இலை எல்லாம் என் நாக்கு நுனி வரை வந்தன. செடி என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தால் பொய்யும் கூடவே வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு தட்டுகளை அடுக்கினேன். என்னைக் காப்பாற்றினாளா, பழி தீர்த்துக்கொண்டாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இன்று வரை நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

தட்டுகளைத் தேய்க்கும்போது அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் பின்கட்டில் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னொரு துண்டு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு, ஒவ்வொரு முறையும் மோந்து, அப்புறம் வாயில் வைத்தாள். முதுகு குலுங்கியது. அழுதுகொண்டே சாப்பிட்டாள், உதிர்ந்த தூளைக்கூட விரலால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டாள்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, செடி இருக்கிறது, வா, காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். என் கையால் செய்த எதையும் நான் ஒரு நாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை.